அரைப் பெயரோடு நின்ற பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் நான் கோலாலம்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். சின்ன என்றால், முதலாளியையும் சேர்த்து நாலு பேர். கீழே ரொட்டி சானாய் எனும் மலேசியப் பரோட்டாக் கடை, மேலே நாங்கள். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை வந்தபோது முதலாளி என்னைத்தான் அனுப்பினார். "நீதான் தமிழ் பேசுவே. குளிரும் தாங்குவே" என்றார். நான் வெக்கை ஊரான கிள்ளானில் பிறந்தவள். குளிர் தாங்குவேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

அந்தத் தோட்டத்தில் ஆபீஸ் மேட்டில் இருந்தது, தொழிற்சாலை பள்ளத்தில். நடுவில் அரை மைல் தூரத்துக்குத் தேயிலைச் செடி. மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், யார் யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று தொழிற்சாலையில் ஒரு பட்டியல் தயாராகும். ஓர் ஆள் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மேட்டுக்குக் கொண்டுவருவார். மழை நாளில் பட்டியல் ஈரமாக வந்து சேரும். எட்டு எது, மூன்று எது என்று தெரியாது. அதற்காகத்தான் இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்று மேலே, ஒன்று கீழே. நடுவில் கம்பங்களில் கட்டிய ஒரு நீளமான கம்பி.

மேட்டு ஆபீசை ஆண்டவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் மப்ளர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். கம்ப்யூட்டரை நான் மேசையில் வைத்த முதல் நாளே அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, மோட்டார்ல ஆளு வருவான், பேப்பர நீட்டுவான். நீட்டிட்டான்னா முடிஞ்சிடுச்சு. இந்தக் கம்பியில வர்றது முடிஞ்சிடுச்சுன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"வர்றது நின்னுட்டா முடிஞ்சதுதானே ஐயா."

"நின்னுட்டா முடிஞ்சதா?"

"ஆமா லா."

"சரி. படிச்ச புள்ள சொல்றே" என்றார். ஆனால் மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

நான் செய்திருந்தது இதுதான். கம்பியில் வருவதை வாங்கிக்கொள்ள கம்ப்யூட்டருக்குள் ஒரு வாசல் உண்டு. எங்கள் தொழிலில் அதற்கு சாக்கெட் என்று பெயர். அதைச் சாதாரணமாக வைத்தால், ஏதாவது வரும்வரை புரோகிராம் அந்த வாசலிலேயே காத்து நிற்கும். அந்த நேரம் பார்த்து கிராணி விசைப்பலகையில் தட்டினால் எழுத்து விழாது. விழாவிட்டால் அவர் இன்னும் பலமாகத் தட்டுவார். விசைகளைக் காப்பாற்றுவதற்காக நான் அதைக் காத்து நிற்காத சாக்கெட்டாக மாற்றினேன். புரோகிராம் வாசலுக்குப் போய் "ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்கும். வந்திருந்தால் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் கிராணி என்ன தட்டுகிறார் என்று பார்க்கப் போய்விடும். பட்டியலின் முதல் துண்டு வந்த பிறகு எப்போது "ஒன்றுமில்லை" என்று பதில் வருகிறதோ, அப்போது பட்டியல் முடிந்தது என்று எழுதிவைத்தேன்.

கோலாலம்பூரில் இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில் வைத்து, பத்துப் பெயர் கொண்ட பட்டியலை அனுப்பிப் பார்த்திருந்தேன். பத்தும் ஒரே வாயில் வந்து விழுந்தன. தோட்டத்தில் வேலையை முடித்த வாரம் முழுக்க மழை. பறிக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர், பட்டியலும் குட்டி. அதுவும் ஒழுங்காக வந்தது. நான் ஊர் திரும்பினேன். முதலாளி எனக்கு இரண்டு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கம்பெனியில் அதுதான் பெரிய பாராட்டு.

பத்து நாளில் மலையில் வெயில் வந்தது, கொழுந்து பொங்கியது, தோட்டமே பறிக்க இறங்கியது. கிராணி ஃபோன் போட்டார்.

"ஏம்மா, உன் பெட்டி ஆளுங்கள முழுங்குது."

"என்ன ஐயா சொல்றீங்க?"

"முந்நூறு பேரு வேல செஞ்சாங்க. பெட்டியில நூத்திப் பன்னண்டரை பேருதான் வந்திருக்கு."

"அரையா?"

"கடைசிப் பொம்பளையோட பேரு பாதியில நின்னுடுச்சு மா. அரைநாள் போடவா?"

அவருக்குப் பின்னால் பெரும் சத்தம் கேட்டது. பட்டியலில் கடைசியாக வரவேண்டிய கூட்டத்தின் கங்காணி அது. தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூடையோடு கூட்டிவந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்தார். "இதோ நிக்கிறாங்க பாருங்க! தொட்டுப் பாருங்க! பெட்டி இல்லங்கிது, நீங்களும் இல்லங்கிறீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். பாதிப் பெயர் விழுந்த அம்மாள் ஜன்னலுக்கே வந்து தன் பெயரை முழுசாக இரண்டு தடவை சொன்னார், கம்ப்யூட்டரைப் பார்த்து.

துரை என்று எல்லோரும் கூப்பிட்ட மேனேஜர் ஒரு சீனர். கொழுந்து பறிக்கும் பெண்களிடம்தான் தமிழ் கற்றிருந்தார். பாதித் தோட்டத்தில் பறிப்பே நடக்கவில்லை என்று பட்டியலில் பார்த்துவிட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றினார். எல்லாச் செடியும் மொட்டையாக இருந்தது. திரும்பி வந்து, "அடி ஆத்தி, பறிச்சிருக்காளுங்களே!" என்றாராம்.

"சாக்கெட்லதான் ஏதோ கோளாறு ஐயா. நாளைக்கே வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன். ஃபோனில் கரகரவென்று சத்தம். இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம், மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறும் பஸ்ஸில் தலை சுற்றிப் போய் இறங்கினேன். ஆபீஸுக்குள் நுழைந்தால் சுவரில் மூன்று ஓட்டை. கிராணியின் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். தோட்டத்து வயர்மேன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சுவரிலிருந்த நாலாவது கரண்ட் சாக்கெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னதுமே வரச் சொல்லிட்டேன் மா" என்றார் கிராணி பெருமையாக. "எல்லாத்தையும் புதுசா மாத்திடுவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் வயர்மேன் ஒரு கறுத்த பிளாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினார். "இது உள்ள எரிஞ்சே போயிருந்துச்சு தங்கச்சி. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா ஆபீஸே பத்தியிருக்கும். கோலாலம்பூர்ல இருந்துகிட்டே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது... அனுபவம்தான் அண்ணே" என்றேன். என்ன செய்வது, அன்றைக்கு எனக்கு ஒரு பாராட்டு தேவைப்பட்டது.

சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. புரோகிராமைத் திறந்ததும் தப்பு முகத்தில் அறைந்தது. அரை மைல் கம்பியில் பட்டியல் துண்டு துண்டாகத்தான் ஏறி வரும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் என் புரோகிராம் வாசலுக்குப் போய்க் கேட்டிருக்கிறது. "இப்போதைக்கு இல்லை, அப்புறம் வா" என்று பதில் வந்திருக்கிறது. என் புரோகிராமோ "ஓ, முடிந்ததா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டது. முதல் நாள் கிராணி என்னிடம் கேட்டது சரியான கேள்வி.

ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஒன்றுமில்லை என்றால் நிறுத்தாதே, மறுபடியும் கேள். அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து பட்டியலை அனுப்பினார்கள். பெயர்கள் வரிசையாக ஏறி வந்தன. நூறு, இருநூறு, முந்நூறு. கிராணி ஒவ்வொரு நூறுக்கும் கை தட்டினார். திரையின் அடியில் மட்டும் 'ரிசீவிங்' என்று ஒரு வார்த்தை மினுக்கிக்கொண்டிருந்தது.

"அது நின்னதும் பேப்பர்ல அடிச்சுக்குங்க ஐயா. நிக்கிற வரைக்கும் ஒண்ணையும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து டவுனான பிரிஞ்சாங் போகும் வேனில் ஏறினேன். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பச்சை நல்லது என்றார், எனக்குச் சிவப்பு பிடித்தது, இந்தப் பேச்சில் நேரம் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஆறரை மணி. ஆபீஸில் விளக்கு எரிந்தது. கிராணி நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் தூக்குச்சட்டி. எதிரே கங்காணி குந்தியிருந்தார்.

"இன்னும் வந்துகிட்டேதான் இருக்கு மா" என்றார் கிராணி சோர்ந்துபோய்.

"யாரு வர்றாங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு" என்றார் மனைவி. "மூணு மணியிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

கங்காணிக்கு வேறு கவலை. "நம்ம ஆளு முந்நூறும் வந்தாச்சு. அப்புறமும் வருதுன்னா வேற தோட்டத்து ஆளுங்களா? லயத்து வீட்டுல எடமில்ல தங்கச்சி. இப்பவே சொல்லிட்டேன்."

விஷயம் இதுதான். வாசலில் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதற்கு இரண்டு விதமான பதில் வரும். 'இப்போதைக்கு இல்லை' என்பதற்கு மைனஸ் ஒன்று. 'அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டார்கள், இனி வராது' என்பதற்குப் பூஜ்யம். நான் இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருந்தேன். முதலில் கூடையைப் பார்த்தால் நிறுத்து என்று எழுதினேன். இப்போது கூடையைப் பார்த்தால் மறுபடி கேள் என்று மாற்றினேன். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு தடவையும் எட்டிப் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் பட்டியலை அனுப்பி, கதவைச் சாத்தி, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டும் ஆகிவிட்டது. என் புரோகிராம் மட்டும் மூடிய கதவைத் தட்டி "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கிராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மா" என்றார். "எந்திரிக்கத்தான் முடியல. கால் மரத்துப் போச்சு." நானும் கங்காணியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் இரண்டு பதில்களையும் பிரித்து எழுதினேன். மைனஸ் ஒன்று வந்தால் மறுபடி கேள். பூஜ்யம் வந்தால் முடிந்தது. இனிமேல் தப்பு நடக்க வழியே இல்லை என்று நிச்சயமாக நம்பினேன். துரைக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார். வேலை முடிந்ததா என்று கேட்டுக் கோலாலம்பூர்த் தலைமை ஆபீஸில் அவரைத் தினமும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் பட்டியலை அனுப்புவது டீமேக்கரின் பொறுப்பு. தேயிலை பதமாகிவிட்டதா என்று மூக்கை வைத்தே சொல்லிவிடும் மனிதர். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஆள் ஒரு சிகரெட் பற்றவைக்கலாம். அது எனக்கு அப்போது சரியாகத் தெரியாது.

மூன்று மணிக்குப் பட்டியல் வந்தது, நின்றது. திரையில் 'முடிந்தது' என்பதற்கான வார்த்தை விழுந்தது. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, லிஸ்ட் எல்லாம் போயிருச்சா?"

"எல்லாம் போயிருச்சு..."

அதற்குப் பிறகு மிஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது. நான் ஃபோனை வைத்துவிட்டேன். "முடிஞ்சது சார்!" என்றேன் துரையிடம். அவர் உடனே அதே ஃபோனை எடுத்துத் தலைமை ஆபீஸைக் கூப்பிட்டார். மோட்டாரும் வேண்டாம், மழையும் ஒன்றும் பண்ணாது, எல்லாம் கம்பியிலேயே வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ மேலே யாரையோ கூப்பிட, அவரிடமும் முதலிலிருந்து சொன்னார்.

கிராணி பேப்பரில் அடித்து எடுத்து, விரலால் எண்ணிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு துரையைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"தொண்ணூத்தியொண்ணு மா" என்றார் மெல்ல.

துரை அப்போதும் ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். டீமேக்கர் நின்றிருந்தார். அரை மைல் மேடு, செடிக்கு நடுவிலேயே ஓடி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் தேயிலைக் குச்சி. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"...ன்னு சொல்ல முடியாது" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"என்னாண்ணே சொல்ல முடியாது?" என்றேன்.

"எல்லாம் போயிருச்சு..." மூச்சு வாங்கினார். "...ன்னு சொல்ல முடியாது."

ஃபோனில் ஆரம்பித்த வாக்கியத்தின் மீதியை அந்த மனிதர் மலை ஏறிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். திரும்பக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, கூப்பிட்டாராம். துரை விடாமல் பேசிக்கொண்டிருந்ததில் லைன் கிடைக்கவில்லை. அவர் சொன்னதை எல்லாம் கோத்துப் பார்த்தபோது நடந்தது விளங்கியது. பட்டியல் போய்க்கொண்டிருக்கும்போதே, தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்க்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிற அவசரத்தில், பெட்டி ரொம்ப நேரமாக முனகுகிறதே, சிக்கிக்கொண்டதோ என்று நினைத்து நிறுத்தும் விசையை அமுக்கிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. மேலே எனக்குப் பூஜ்யம் வந்தது. புரோகிராம் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சாத்திவிட்டார்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கொடுத்து முடித்துச் சாத்தினார்களா, பாதியில் சாத்தினார்களா என்று அதற்கு எப்படித் தெரியும்?

துரை ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"அடி ஆத்தி" என்றார்.

அன்றைக்கு நான் தொழிற்சாலைக்கே இறங்கிப் போனேன். அங்கே கதகதப்பாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். இந்தத் தடவை அவசரப்படாமல் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பட்டியல் புறப்படும் முன்பே, மொத்தம் எத்தனை எழுத்து வரப்போகிறது என்று கீழேயிருந்து சொல்லிவிட வேண்டும். மேலே அதை எண்ணிக்கொண்டே வாங்க வேண்டும். சொன்ன எண்ணிக்கை நிறைந்தால் முடிந்தது. நிறைவதற்குள் கதவு சாத்தினால் 'குறை' என்று திரையில் பெரிதாகப் போட வேண்டும். கதவும் சாத்தாமல் எழுத்தும் வராமல் மூன்று நிமிஷம் போனால், எங்கோ கம்பி அறுந்துவிட்டது என்று சத்தம் போட வேண்டும்.

டீமேக்கர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தேயிலை வாடுவதைப் பற்றி எனக்குச் சொன்னார். இனிமேல் அவர் பேச்சை நடுவில் வெட்டக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் நிறுத்தும்போதெல்லாம் பேசாமல் காத்திருந்தேன். கடைசியில் ஒரு தடவை நிறுத்தியவர், ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்தபடி அடுத்த வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தேன். அவரும் என் முகத்தையே பார்த்தார். கால் மணி நேரம் போயிருக்கும்.

"தங்கச்சி," என்றார் கடைசியாக, "வூட்டுக்குப்... போவலயா?"

அவர் எப்போதோ பேசி முடித்துவிட்டார். நான் கிளம்பினால் கதவைப் பூட்டலாம் என்று காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் பட்டியல் முழுசாக வந்து, எண்ணிக்கை சரியாக நிறைந்து, தானாகவே நின்றது. டீமேக்கரை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தோம். 'குறை' என்று வந்தது. கிராணிக்கு அது பிடித்துப்போய், இன்னும் நாலு தடவை நிறுத்தச் சொல்லி ஃபோன் போட்டார். அன்று பாதிப் பெயர் விழுந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். முழுசாக இருந்தது. ஆனால் எழுத்துப் பிழை என்றார். அதையும் திருத்திக் கொடுத்தேன்.

துரை மறுபடி கழுத்துப்பட்டை கட்டவில்லை. தலைமை ஆபீஸுக்கு அவர் இரண்டாவது தடவை ஃபோன் போட்டாரா, இல்லை முதல் தடவை சொன்னதையே உண்மையாக்கிக்கொண்டாரா, நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு இரண்டு தோட்டங்களுக்கும் அதே வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஆகவே யாரோ எதையோ நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று கிராணியின் மனைவி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்து ஒரு சாக்குப்பையைக் கொடுத்தார். கியா பார்மில் தோட்டம் போட்டிருக்கும் அவர் தம்பி அனுப்பிய கோஸ், எட்டு உருண்டை. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். வாயை யாரும் கட்டவில்லை என்பதை ரிங்லெட் தாண்டி மூன்றாவது வளைவில்தான் பார்த்தேன்.

எட்டும் வெளியே வந்துவிட்டன. இடது வளைவில் எல்லாம் வலப்பக்கம் உருண்டன, வலது வளைவில் இடப்பக்கம் உருண்டன. ஒரு மலாய்க்காரப் பாட்டி காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். இரண்டு சீன வியாபாரிகள் காலால் தடுத்துத் தடுத்து எனக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் முட்டி போட்டு ஐந்தைப் பிடித்தேன். ஒன்று நேராக முன்னால் போய் டிரைவரின் காலடியில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமலே, "கோஸ் யாருது?" என்று கத்தினார்.

தாப்பாவில் இறங்கும்போது பையில் ஆறு இருந்தன. மற்ற இரண்டையும் எந்த சீட்டுக்கு அடியில் தேடியும் கிடைக்கவில்லை. ஆனால் மலாய்க்காரப் பாட்டியின் கூடை, ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் எனக்குச் சிரித்துக்கொண்டே கையாட்டினார்.